த்ரெட்டை ஏத்தினா சர்வர் வேகமாகிடுமா? வொர்க்கர் த்ரெட், கனெக்ஷன் டியூனிங் பத்தி ஒரு எளிய விளக்கம்

சைட் தொங்குது, ஒரு பேஜ் திறக்க 30 செகண்ட் ஆகுது, சர்வர்ல போய் பார்த்தா சிபியு 15 பர்சன்ட் கூட ஓடல, மெமரியும் தாராளமா இருக்கு. சர்வர் பக்கம் புதுசா வர்றவங்களை ரொம்ப குழப்புற நிலைமை இதுதான், மெஷின் சும்மா உக்காந்திருக்கு ஆனா யாருக்கும் பதில் போகல. உடனே யாராவது ஒருத்தர் "மேக்ஸ்த்ரெட்ஸை 200லேர்ந்து 800 ஆக்கிடுங்க"ன்னு சொல்வாங்க (ஒரே நேரத்துல எத்தனை ரிக்வெஸ்ட்டுக்கு சர்வர் வேலை பார்க்கலாம்னு வரம்பு வைக்கற செட்டிங் அது), ஆக்கி ரெஸ்டார்ட் பண்ணுவாங்க, ரெஸ்டார்ட் ஆன தெம்புல கொஞ்ச நேரம் நல்லா போகும், அப்புறம் முன்னைவிட மோசமா தொங்கும். ஏன் இப்படி ஆகுதுன்னு புரிஞ்சிட்டா டியூனிங்ல பாதி வேலை முடிஞ்ச மாதிரி, அதனால நம்பர் எதையும் தொடறதுக்கு முன்னாடி அதைப் பேசிடலாம்.

உதாரணத்துக்கு ஜாவா ஆப்பை ஓட்டற டாம்கேட்ங்கற சர்வரை எடுத்துக்கறேன், ஸ்பிரிங் பூட் (ஜாவால வெப் ஆப் எழுதற ஃப்ரேம்வொர்க்) ஓட்டுறவங்களுக்கு உள்ள பெரும்பாலும் அதுதான் ஓடுது. வேற சர்வர்னா செட்டிங் பேர் மாறும், நடக்கறது ஏறக்குறைய இதேதான்.

முதல்ல கனெக்ஷன், ரிக்வெஸ்ட், த்ரெட் இந்த மூணையும் மனசுல தனித்தனியா பிரிச்சு வச்சுக்கணும், இதைக் குழப்பிக்கிட்டா மேற்கொண்டு எதுவுமே புரியாது. கனெக்ஷன்னா பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவுல திறந்திருக்கற டிசிபி லைன். அந்த லைன் வழியா வர்ற ஒரு கேள்விதான் ரிக்வெஸ்ட், ஒரே லைன்ல ஒண்ணு முடிஞ்சதும் அடுத்ததுன்னு பல ரிக்வெஸ்ட் வரலாம், கீப்-அலைவ்னு சொல்றது இதைத்தான். அந்தக் கேள்வியை எடுத்து உங்க கோடை ஓட்டி பதில் எழுதி அனுப்புறது த்ரெட். பழைய டாம்கேட்ல ஒரு கனெக்ஷனுக்கு ஒரு த்ரெட்னு கட்டிப் போட்டிருந்தாங்க, லைன்ல ஒண்ணுமே வரலைன்னாலும் அந்த த்ரெட் வேற வேலைக்குப் போகாம அங்கேயே காத்துக் கிடக்கும். 8.5 வெர்ஷன்ல அந்தப் பழைய கனெக்டரையே தூக்கிட்டாங்க, இப்போ இருக்கற நியோ கனெக்டர்ல சும்மா திறந்து கிடக்கற கனெக்ஷன் எல்லாத்தையும் போலர்னு ஒரு த்ரெட் மொத்தமா கண்காணிக்கும், டேட்டா வந்தா மட்டும் ஒரு வொர்க்கர் த்ரெட்கிட்ட தள்ளிவிடும். அதனாலதான் ஆயிரக்கணக்கான கனெக்ஷனை 200 த்ரெட் வச்சு சமாளிக்க முடியுது.

இப்போ டாம்கேட் தானா வச்சிருக்கற நம்பரைப் பாருங்க. மேக்ஸ்கனெக்ஷன்ஸ் 8192, மேக்ஸ்த்ரெட்ஸ் 200, அக்செப்ட்கவுண்ட் 100. அதாவது ஒரே நேரத்துல 200 ரிக்வெஸ்ட் வேலையில இருக்கும், மொத்தமா 8192 கனெக்ஷன் வரைக்கும் உள்ள வச்சுக்கும், அதுவும் நிரம்பிட்டா ஆபரேட்டிங் சிஸ்டம் தன் பங்குக்கு ஒரு சின்ன வரிசையில (அக்செப்ட்கவுண்ட்ங்கறது இதோட அளவு) இன்னும் கொஞ்சத்தை நிறுத்தி வைக்கும், அதுவும் போச்சுன்னா புதுசா வர்றவங்களுக்கு கனெக்ஷனே கிடைக்காது. இந்த 8192க்கும் 200க்கும் நடுவுல இருக்கற இடைவெளியை நல்லா கவனிங்க, பிரச்சனையெல்லாம் அங்கதான் உக்காந்திருக்கு.

எத்தனை த்ரெட் வேணும்னு எப்படி கணக்கு போடறது? ரொம்ப எளிமையான ஒரு விதி இருக்கு, லிட்டில்ஸ் லான்னு பேரு, ஜான் லிட்டில்னு ஒருத்தர் 1961ல இதை நிரூபிச்சு எழுதினாரு. ஒரு செகண்டுக்கு எத்தனை ரிக்வெஸ்ட் வருது, ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம் உள்ள இருக்கு, ரெண்டையும் பெருக்கினா ஒரே நேரத்துல எத்தனை உள்ள இருக்கும்னு வந்துடும், அவ்வளவுதான். செகண்டுக்கு 400 ரிக்வெஸ்ட், ஒவ்வொண்ணும் கால் செகண்ட் எடுக்குதுன்னா 400 x 0.25, ஆக 100 த்ரெட் வேலையில இருக்கும். 200 வச்சிருக்கோம், பாதி காலியா இருக்கு, நிம்மதி.

இந்த நிம்மதி எவ்வளவு நேரம் தாங்கும்னு பார்க்கலாம். டேட்டாபேஸ்கிட்ட கேக்கற ஏதோ ஒரு கேள்வி (குவெரி), தேடலை வேகமாக்கற இண்டெக்ஸ் இல்லாம ஓட ஆரம்பிச்சு, கால் செகண்ட்ல முடிஞ்ச ரிக்வெஸ்ட் 2 செகண்ட் எடுக்குதுன்னு வைங்க. வர்ற கூட்டம் அதே 400தான். இப்போ 400 x 2, 800 த்ரெட் வேணும், நம்மகிட்ட 200தான் இருக்கு, அது ஏறக்குறைய அரை செகண்ட்ல நிரம்பிடும். 200 த்ரெட்டும் ஆளுக்கு 2 செகண்ட் எடுத்துக்கிட்டா செகண்டுக்கு 100 ரிக்வெஸ்ட்தான் வெளிய போகும், மீதி 300 உள்ள சேர்ந்துக்கிட்டே போகும். எங்க சேரும்? அந்த 8192 கனெக்ஷன்ல. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் ஒரு தனி கனெக்ஷன்ல வருதுன்னு வச்சுக்கிட்டா 27 செகண்ட்ல அந்த இடமும் ஃபுல். அப்போ வரிசையில கடைசியா நிக்கறவருக்கு முன்னாடி கிட்டத்தட்ட 8000 பேரு, செகண்டுக்கு 100 பேர்தான் நகர்றாங்க, அவர் முறை வர 80 செகண்ட் ஆகும்.

80 செகண்ட் யாரு காத்திருப்பாங்க? டாம்கேட்டுக்கு முன்னாடி நின்னு ரிக்வெஸ்ட்டை வாங்கி உள்ள அனுப்பற என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி இருந்தா, அது ஆப் சர்வர்கிட்டேர்ந்து பதில் வர்றதுக்கு மாத்தாம விட்டா 60 செகண்ட்தான் பொறுக்கும், அதுக்கப்புறம் யூசருக்கு 504ன்னு டைம்அவுட் எர்ரர் காட்டிடும். நிறைய யூசர் அதுக்கு முன்னாடியே ரெஃப்ரெஷ் அடிச்சிருப்பாங்க, அது என்ஜின்எக்ஸ் எழுதற பதிவேட்டுல (லாக்) 499னு, அதாவது யூசரே லைனை விட்டுட்டுப் போய்ட்டார்னு பதிவாகும். ஆனா டாம்கேட்டுக்கு இது எதுவும் தெரியாது பாருங்க, ரிக்வெஸ்ட் அதோட வரிசையில அப்படியே நிக்குது, முறை வந்ததும் ஒரு த்ரெட் அதை எடுத்து, டேட்டாபேஸைத் தட்டி, 2 செகண்ட் வேலை பார்த்து, பதிலை எழுதப் போகும்போதுதான் எதிர்ல ஆள் இல்லைன்னு தெரிய வரும். அதுக்குள்ள அதே ஆள் ரெஃப்ரெஷ் அடிச்ச புது ரிக்வெஸ்ட் வரிசைக் கடைசியில சேர்ந்திருக்கும். அப்போ சர்வர் முழுநேரமும் ஓடிக்கிட்டே இருக்கு, செய்யற வேலையில பெரும்பங்கு போய்ட்ட ஆளுக்காக. டேட்டாபேஸ் சரியான பிறகும் சர்வர் மீளாம கிடக்கறதுக்குக் காரணம் இதுதான், பழைய வரிசை தீர்ற வரைக்கும் விமோசனம் கிடையாது, அதனாலதான் ரெஸ்டார்ட் பண்ணா "சரியாகிடுச்சு" மாதிரி தெரியும், வரிசையை மொத்தமா தூக்கிப் போட்டுட்டோம்ல.

இதுலேர்ந்து நான் கத்துக்க வேண்டியதுன்னு நினைக்கறது ஒண்ணுதான்: வரிசை நீளமா இருக்கறது பாதுகாப்பு கிடையாது. உங்க சர்வர் செகண்டுக்கு 100 ரிக்வெஸ்ட் முடிக்கும், யூசர் 5 செகண்டுக்கு மேல காத்திருக்க மாட்டார்னா, 500க்கு மேல வரிசையில வச்சு என்ன பிரயோஜனம்? மேக்ஸ்கனெக்ஷன்ஸை ஏத்தணும்னு சொல்ற அறிவுரைதான் அதிகமா கண்ணுல படும், ஆனா ப்ராக்ஸிக்கு பின்னாடி இருக்கற ஆப் சர்வருக்கு பல சமயம் அதைக் குறைக்கறதுதான் நல்லது. அதிகமா வர்றதை முன்னாடியே 503 (இப்போ முடியாது) சொல்லி சீக்கிரம் திருப்பி அனுப்பினா, உள்ள இருக்கறவங்களுக்காவது ஒழுங்கா பதில் கிடைக்கும்.

சரி, அப்போ த்ரெட்டை 800 ஆக்கிட்டா என்ன கெட்டுப்போச்சு, கணக்கே 800 வேணும்னுதானே சொல்லுது? இங்கதான் அந்த த்ரெட் எல்லாம் எதுக்காக காத்திருக்குன்னு பார்க்கணும்.

பெரும்பாலான வெப் ஆப்ல த்ரெட் காத்திருக்கறது டேட்டாபேஸ் கனெக்ஷனுக்கு. ஸ்பிரிங் பூட்ல வழக்கமா ஹிகாரி பூல் இருக்கும், டேட்டாபேஸ் கனெக்ஷனைத் திறந்து வச்சு த்ரெட்டுக்கு மாத்தி மாத்தி கடன் கொடுக்கற இடம் அது, அதுல தானா வர்ற அதிகபட்ச கனெக்ஷன் 10. 200 த்ரெட்டுக்கு 10 கனெக்ஷன். இதைக் கேட்டதும் "ஆ, இதுதான் பிரச்சனை, அதையும் 200 ஆக்கு"ன்னு தோணும், கொஞ்சம் பொறுங்க. ஒரு ரிக்வெஸ்ட் கனெக்ஷனை 50 மில்லிசெகண்ட் வச்சிருந்து திருப்பிக் கொடுத்துடுதுன்னா, ஒரு கனெக்ஷன் செகண்டுக்கு 20 பேருக்கு உதவும், 10 கனெக்ஷன் 200 பேருக்கு. பல ஆப்புக்கு அதுவே போதும். ஆனா அதே ரிக்வெஸ்ட், டிரான்சாக்ஷனை (டேட்டாபேஸ்ல ஒண்ணா முடிக்க வேண்டிய வேலைத் தொகுப்பு) திறந்து வச்சுக்கிட்டே நடுவுல வெளியில ஒரு பேமெண்ட் ஏபிஐயைக் கூப்பிட்டு 500 மில்லிசெகண்ட் காத்திருந்ததுன்னா, அந்த 10 கனெக்ஷனால செகண்டுக்கு சுமார் 18 பேருக்குத்தான் பதில் சொல்ல முடியும். டேட்டாபேஸ் சும்மா இருக்கு, ஆப் சிபியு சும்மா இருக்கு, ஆனா கனெக்ஷன் எல்லாம் யாரோ கையில மாட்டிக்கிட்டு இருக்கு. இதுக்கு நம்பரை ஏத்தறது தும்பை விட்டு வாலைப் பிடிக்கற கதை, ஏபிஐயைக் கூப்பிடறதை டிரான்சாக்ஷனுக்கு வெளிய எடுத்து வைக்கறதுதான் மருந்து. ஸ்பிரிங் பூட்ல ஓபன்-இன்-வியூன்னு ஒரு செட்டிங் தானாவே ஆன்ல இருக்கும், ஜேபிஏ (ஜாவால டேட்டாபேஸைக் கையாள்ற ஒரு முறை) யூஸ் பண்றவங்க அதையும் பாருங்க, ஒரு தடவை எடுத்த கனெக்ஷனை ரிக்வெஸ்ட் முடியற வரைக்கும் கையிலயே வச்சிருக்கறதுக்கு அது காரணமாகலாம்.

பூலை நிஜமாவே பெருசாக்கினா என்ன ஆகும்? போஸ்ட்கிரெஸ்ங்கற டேட்டாபேஸ் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் ஒரு தனி ப்ராசஸ் வைக்கும், அதிகபட்ச கனெக்ஷன் மாத்தாம விட்டா 100. மைஎஸ்கியூஎல்ல 151. ஒரு ஆப் காப்பிக்கு 10 கனெக்ஷன், கூட்டம் வந்துச்சுன்னு, தானா காப்பியைக் கூட்டற ஆட்டோஸ்கேல் 12 காப்பி கிளப்பிடுச்சுன்னா 120 ஆச்சு, 100ஐத் தாண்டினதும் போஸ்ட்கிரெஸ் "சாரி, டூ மெனி கிளையண்ட்ஸ் ஆல்ரெடி"ன்னு கையை விரிச்சுடும். கூட்டத்தை சமாளிக்கத்தான் காப்பியைக் கூட்டினோம், அதுவே சைட்டைப் படுக்க வச்சிடும், இது ரொம்ப பேருக்கு எதிர்பாராத இடம். 100ஐ 1000 ஆக்கினாலும் டேட்டாபேஸ் மெஷின்ல இருக்கறது அதே 8 கோர்தான், அதே டிஸ்க்தான், 500 குவெரி ஒரே நேரத்துல உள்ள புகுந்தா ஒண்ணையொண்ணு இடிச்சுக்கிட்டு பூட்டுக்கு (லாக்) சண்டை போட்டுக்கிட்டு எல்லாமே மெதுவாகும். போஸ்ட்கிரெஸ் ஆளுங்க ரொம்ப நாளா சொல்ற ஒரு தோராய கணக்கு, ஒரே நேரத்துல வேலை செய்யற கனெக்ஷன் கோர் எண்ணிக்கையைப் போல ரெண்டு மடங்கு, கூட டிஸ்க் எண்ணிக்கை. 8 கோருக்கு 16, 17 மாதிரி வரும். நிறைய ஆப் காப்பி இருந்தே ஆகணும்னா நடுவுல கனெக்ஷனைப் பகிர்ந்து கொடுக்கற பிஜிபவுன்சர் மாதிரி ஒண்ணை வச்சு, ஆப் பக்கம் நிறைய கனெக்ஷன், டேட்டாபேஸ் பக்கம் கொஞ்சம்னு பிரிச்சுடலாம்.

அதனால டியூனிங்கை பின்னாலேர்ந்து ஆரம்பிக்கணும்னு நான் அடிச்சு சொல்வேன். டேட்டாபேஸ் எத்தனை தாங்கும், அதை ஆப் காப்பிகளுக்குப் பங்கு போட்டா ஆளுக்கு எவ்வளவு பூல், அந்த பூலுக்கு எத்தனை த்ரெட் பொருந்தும், அந்த த்ரெட்டுக்கு எவ்வளவு வரிசை நியாயம். முன்னாலேர்ந்து ஆரம்பிச்சா கதவை அகலமாக்கி உள்ள இடமில்லாத வீட்டுக்குள்ள ஆளைத் திணிக்கற மாதிரிதான்.

டேட்டாபேஸ் இல்லாம, வெறும் கணக்கு, இமேஜ் சுருக்கறதுன்னு சிபியுவை முழுசா தின்னுற வேலைன்னா விஷயமே வேற, அங்க த்ரெட் கோர் எண்ணிக்கைக்குப் பக்கத்துல இருந்தா போதும், மேல வச்சா மாத்தி மாத்தி ஓட்டறதுலயே நேரம் போகும். ரெண்டும் கலந்த வேலைக்கு ஒரு வழி: கோர் எண்ணிக்கையை, ஒண்ணு கூட்டல் காத்திருக்கற நேரம் வகுத்தல் சிபியு நேரம், இதால பெருக்குங்க. 8 கோர், ரிக்வெஸ்ட்டுக்கு சிபியு 10 மில்லிசெகண்ட், காத்திருப்பு 90 மில்லிசெகண்ட்னா, 8 x 10, ஆக 80 த்ரெட். இது ஆரம்பிக்கற இடம்தான், இதுவே முடிவுன்னு எடுத்துக்காதீங்க. த்ரெட் ஒவ்வொண்ணுக்கும் ஸ்டாக்னு மெமரி ஒதுக்கணும், 64 பிட் லினக்ஸ் ஜேவிஎம்ல (ஜாவா கோடை ஓட்டறது அதுதான்) தானா வர்றது 1 எம்பி, அவ்வளவும் நிஜமா உடனே செலவாகாது, ஆனாலும் சின்ன கன்டெய்னர்ல 1000 த்ரெட் வச்சா உறைக்கும்.

இவ்வளவும் கணக்கு. நிஜத்துல எங்க மாட்டியிருக்குன்னு எப்படி கண்டுபிடிக்கறது? த்ரெட் டம்ப் எடுங்க, அந்த நொடியில எந்த த்ரெட் எங்க நிக்குதுன்னு காட்டற பட்டியல் அது, ஜேஸ்டாக்னு ஒரு கமாண்ட் ஜேடிகேயோடயே (ஜாவா டெவலப்பர் கிட்) வரும், தொங்கிக்கிட்டு இருக்கும்போதே எடுக்கணும், ரெஸ்டார்ட் பண்ணிட்டு எடுத்தா சாட்சி போச்சு. ஒண்ணு எடுத்தா போதாது, அஞ்சு பத்து செகண்ட் இடைவெளியில மூணு எடுங்க. அதுல ஹெச்டிடிபி-நியோ-8080-எக்ஸெக்-1, எக்ஸெக்-2ன்னு வரிசையா பேர் இருக்கும், அதுதான் உங்க வொர்க்கர் த்ரெட். ஒவ்வொண்ணுக்கும் கீழ அது எந்த மெத்தட்ல நிக்குதுன்னு இருக்கும். டாஸ்க்கியூன்னு ஒரு கிளாஸ்ல எடுக்கறதுக்காக நிக்குதுன்னா அது வேலையில்லாம இருக்கு, நல்ல விஷயம். ஹிகாரி பூலோட கெட்கனெக்ஷன்ல நிக்கறது நூத்துக்கும் மேல இருந்தா, பூல் காலி. அப்போ அந்த 10 கனெக்ஷனை வச்சிருக்கற பத்து த்ரெட்டைத் தேடுங்க, அவங்க எங்க நிக்கறாங்களோ அங்கதான் நோய். ஒரு விஷயத்துல ஏமாந்துடாதீங்க, சாக்கெட்லேர்ந்து பதில் வரட்டும்னு காத்திருக்கற த்ரெட்டைக் கூட ஜேவிஎம் ரன்னபிள் (ஓடிக்கிட்டு இருக்கு)னுதான் காட்டும், அந்த வார்த்தையைப் பார்த்துட்டு வேலை நடக்குதுன்னு நினைச்சுக்கக் கூடாது, ஸ்டாக்ல மேல இருக்கற ரெண்டு மூணு வரியைப் படிங்க. மூணு டம்ப்லயும் அதே த்ரெட் அதே சாக்கெட் ரீடுல நின்னா, எதிர்ல இருக்கற சர்வீஸ்தான் பதில் சொல்லல.

அதுக்கு டைம்அவுட் வேணும். வெளி சர்வீஸைக் கூப்பிட ஜாவால இருக்கற பழைய ஹெச்டிடிபி-யூஆர்எல்-கனெக்ஷன்ல டைம்அவுட் நீங்களா வைக்கலைன்னா முடிவே இல்லாம காத்திருக்கும், எதிர் சர்வீஸ் ஒண்ணு உறைஞ்சு போனா உங்க 200 த்ரெட்டும் ஒண்ணொண்ணா போய் அங்க மாட்டிக்கும். ஹிகாரியில பூல் கனெக்ஷனுக்காகக் காத்திருக்கற நேரம் தானா வர்றது 30 செகண்ட், ஆரம்பத்துல சொன்ன அந்த 30 செகண்ட் பேஜுக்குப் பின்னாடி பல சமயம் இதுதான் இருக்கும். வெப் ரிக்வெஸ்ட்டுக்கு அது ரொம்ப அதிகம், ரெண்டு மூணு செகண்ட்ல எர்ரர் கொடுத்துட்டு த்ரெட்டை விடுவிக்கறது மேல். பொதுவா உள்ள போகப் போக டைம்அவுட் சின்னதாகிக்கிட்டே போகணும், ப்ராக்ஸி 60ன்னா ஆப் அதுக்குள்ள, ஆப்புக்குள்ள இருக்கற ஏபிஐ அழைப்பும் குவெரியும் அதைவிட குறைவா. தலைகீழா இருந்தா முன்னாடி சொன்ன மாதிரி போய்ட்ட ஆளுக்கு சமைச்சுக்கிட்டு இருப்போம்.

முன்பக்கம் பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, ரெண்டு மூணு இடம்தான். என்ஜின்எக்ஸ்ல வொர்க்கர் கனெக்ஷன்ஸ் மாத்தாம விட்டா 512, ப்ராக்ஸியா ஓடும்போது ஒரு யூசருக்கு உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு ரெண்டு கனெக்ஷன் செலவாகும், அதை மறந்துடாதீங்க. லினக்ஸ்ல ஒவ்வொரு கனெக்ஷனும் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்திருக்கற ஒவ்வொண்ணுக்கும் சிஸ்டம் கொடுக்கற நம்பர்), பல சிஸ்டத்துல ஒரு ப்ராசஸுக்கு ஆரம்ப வரம்பு 1024தான், லாக்ல "டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்"னு வந்தா அங்க பாருங்க. அப்புறம் கெர்னல்ல சோமேக்ஸ்கான்னு ஒரு வரம்பு இருக்கு, 5.4 கெர்னலுக்கு முன்னாடி 128 இருந்துச்சு, அதுலேர்ந்து 4096, பழைய மெஷின்ல அக்செப்ட்கவுண்டை 1000 வச்சாலும் 128க்கு மேல போகாம இருக்கறது இதனாலதான். எஸ்எஸ் கமாண்டை லிசன் ஆகற போர்ட்டுக்கு ஓட்டிப் பார்த்தா ரெசீவ் கியூ காலம்ல இப்போ எத்தனை நிக்குது, சென்ட் கியூ காலம்ல வரம்பு எவ்வளவுன்னு காட்டும்.

ஜாவா 21, 2023 செப்டம்பர்ல வந்தது, அதுல வர்ச்சுவல் த்ரெட் (ஜேவிஎம்மே பார்த்துக்கற லேசான த்ரெட்) வந்தப்புறம் இதெல்லாம் தேவையில்லைன்னு ஒரு பேச்சு ஓடுது. த்ரெட்டோட விலை குறைஞ்சது உண்மை, லட்சக்கணக்குல கூட உருவாக்கலாம், ஆனா டேட்டாபேஸ் பூல் அதே 10தான், வெளிய இருக்கற ஏபிஐயோட திறனும் அதேதான். முன்னாடி 200 த்ரெட்ங்கறது தெரிஞ்சோ தெரியாமலோ ஒரு தடுப்பா இருந்துச்சு, அதை எடுத்துட்டா பத்தாயிரம் ரிக்வெஸ்ட் நேரா பூல் வாசல்ல போய் நிக்கும். ஒரே நேரத்துல இத்தனை பேர்தான்னு தடுக்கற செமஃபோர் மாதிரி ஒரு வரம்பை நீங்களே வைக்கணும்.

நம்பர் மாத்தும்போது ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, மாத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் லோடு டெஸ்ட் ஓட்டுங்க, ஜேமீட்டரோ டபிள்யூஆர்கேவோ எதுவானாலும் சரி, ஆனா டெஸ்ட் டேட்டாபேஸ்ல நூறு வரி வச்சுக்கிட்டு ஓட்டினா எல்லாமே பறக்கும், நிஜ அளவு டேட்டா வேணும். சராசரி நேரத்தை நம்பாதீங்க, நூறுல மெதுவான ஒருத்தருக்கு எவ்வளவு ஆகுதுங்கற பி99ஐப் பாருங்க. லோடை கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா ஒரு இடம் வரைக்கும் நேரம் அப்படியே இருக்கும், அப்புறம் திடீர்னு செங்குத்தா ஏறும். ஒரே வரிசை, ஒரே ஆள்னு எளிமையா கணக்கு போட்டாலே, பாதி நேரம் வேலையில இருக்கும்போது ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு ஆகற நேரம் ரெண்டு மடங்கு, 90 பர்சன்ட்ல பத்து மடங்கு. அதனால த்ரெட்டையோ பூலையோ நூத்துக்கு நூறு உபயோகப்படுத்தணும்னு ஆசைப்படாதீங்க, காலியா தெரியற இடம்தான் திடீர் கூட்டத்தைத் தாங்கும்.

டெஸ்ட்ல மட்டும் பார்த்துட்டு விட்டுடாம, நிஜ சர்வர்லயும் ரெண்டு கிராஃப் எப்பவும் கண்ணு முன்னாடி இருக்கட்டும். ஒண்ணு, டாம்கேட்ல எத்தனை த்ரெட் பிஸி, ஸ்பிரிங் பூட்ல இது வர்றதுக்கு டாம்கேட்டோட எம்பீன் ரெஜிஸ்ட்ரி செட்டிங்கை ஆன் பண்ணணும், தானா ஆஃப்லதான் இருக்கும். இன்னொண்ணு ஹிகாரியோட பெண்டிங், அதாவது பூல் கனெக்ஷனுக்காக இந்த நிமிஷம் எத்தனை த்ரெட் நிக்குதுங்கறது. பெண்டிங் பூஜ்யம், பிஸி மட்டும் ஏறுதுன்னா வெளிய ஏதோ ஒரு ஏபிஐ இழுக்குது, இல்ல நிஜமாவே த்ரெட் பத்தல. பெண்டிங்கும் சேர்ந்து ஏறுதுன்னா மேக்ஸ்த்ரெட்ஸ் பக்கமே போகாதீங்க, கனெக்ஷனை யாரு பிடிச்சு வச்சிருக்காங்கன்னு த்ரெட் டம்ப்ல தேட ஆரம்பிங்க.